குளிர்காலத்தில் ஃப்ளோரிடா ஏரியில் பெரிய பாஸ் மீன்: விரால் பிடித்துப் பழகியவனுக்கு வழி சொல்லுங்கள்

குடியாத்தம் வாத்தியார் (கேள்வி, கார்த்திகைக் கடைசி)

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் குடியாத்தத்துக்காரன், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சிறு வயதில் கவுண்டன்ய ஆற்றுக் குட்டைகளில் மூங்கில் கழியும் மண்புழுவுமாகத் தொடங்கிய தூண்டில் பழக்கம் இன்றுவரை என்னை விடவில்லை. இப்போது காவேரிப்பாக்கம் ஏரியில், குத்தகைதாரரிடம் கேட்டுக்கொண்டு, விடியற்காலையில் ரப்பர் தவளை போட்டு விரால் பிடிக்கிறேன். இரண்டரை கிலோ விரால் ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அதற்கு மேல் சொன்னால் இங்குள்ளவர்கள் நம்ப மாட்டார்கள்.

என் மகன் அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்துக் கிஸ்ஸிம்மி நகரில் வேலை பார்க்கிறான். சென்ற ஜனவரியில் அங்கே சென்றிருந்தபோது, வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் இருக்கும் டோஹோபெகலிகா ஏரியில் லார்ஜ்மவுத் பாஸ் என்னும் பெருவாய் மீனைப் பிடித்துவிட வேண்டுமென்று மூன்று நாள் படகு வாடகைக்கு எடுத்தோம். நம் ஊர்க் கணக்குப்படி இருட்டோடு கிளம்பி, கோரைப் பத்தைகளின் ஓரமாக ரப்பர் தவளையை வீசி வேகமாக இழுத்தோம். வானம் மேகமே இல்லாமல் நீலமாக இருந்தது. வடக்கிலிருந்து வீசிய காற்றில் விரல்கள் விறைத்துப்போயின. மூன்று நாளில் கிடைத்தவை உள்ளங்கை அகலத்தில் இரண்டு புளூகில் மீன்கள் மட்டுமே. படகு கொடுத்தவரோ, ‘குளிர்காலத்தில் மீன் தூங்கும், கோடையில் வாருங்கள்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆனால் அதே வாரத்தில் அதே ஏரியில் பத்துப் பவுண்டு மீனைப் பிடித்ததாக ஒருவர் படம் காட்டியதை என் மகன் அலுவலகத்தில் பார்த்துவிட்டு வந்தான்.

வரும் பொங்கலுக்கு மீண்டும் அங்கே இருப்பேன். இம்முறை மூன்று வாரம் தங்குகிறேன். குளிர்காலத்தில் பெரிய பாஸ் உண்மையிலேயே கடிக்குமா, கடிக்குமென்றால் அது எங்கே நிற்கும், விராலுக்கு நான் கற்ற வித்தையில் எதை வைத்துக்கொண்டு எதை மறக்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாவேன்.

வாலாஜாக்காரன், கிஸ்ஸிம்மி

ஐயா, வணக்கம். நான் பிறந்தது வாலாஜாபேட்டை. பதினான்கு ஆண்டுகளாக நீங்கள் சொல்லும் ஏரியின் கரையிலேயே குடியிருக்கிறேன். படகுக்காரர் சொன்னது வட மாநிலத்துக் கணக்கு. ஏரி உறைந்துபோகும் ஊர்களில் குளிர்காலத்தில் பாஸ் ஆழத்திற்குப் போய் அசையாமல் கிடப்பது உண்மைதான். ஆனால் இங்கே ஜனவரியில் பகல் வெப்பம் 22 டிகிரி செல்சியஸையும் இரவு வெப்பம் 10 டிகிரியையும் ஒட்டி நிற்கும். இது நம் வேலூர் மார்கழியைவிடக் கடுமையான குளிர் என்றாலும், ஏரியை உறைய வைக்கும் குளிர் அன்று. ஆண்டின் மிகப் பெரிய மீன்களைப் பிடிக்க வேண்டுமென்று விரும்புகிறவர்கள் இங்கே காத்திருப்பதே டிசம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களுக்காகத்தான்.

காரணம் முட்டை. பாஸில் எட்டுப் பவுண்டைத் தாண்டுபவை எல்லாம் அநேகமாகப் பெண் மீன்களே. ஆண் அந்த அளவுக்கு வளர்வதில்லை. தண்ணீரின் வெப்பம் ஏறத்தாழ 16 டிகிரி முதல் 24 டிகிரி வரை இருக்கும்போது அவை முட்டையிடுகின்றன. தென் ஃப்ளோரிடாவில் இது டிசம்பரிலேயே தொடங்கிவிடும். எங்கள் நடுப்பகுதியில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் உச்சத்துக்கு வரும். முட்டை கனத்த பெண் மீன்கள், மற்ற காலங்களில் நம் கைக்கு எட்டாத இடங்களில் திரிபவை, இந்த நேரத்தில்தான் மூன்றடி, நான்கடித் தண்ணீரை நோக்கி வரும். வயிற்றில் முட்டையைச் சுமக்கும்போது எடையும் கூடுதலாக இருக்கும். ஆகவே ஒரே மீன் ஆகஸ்டில் காட்டும் எடை வேறு, ஜனவரியில் காட்டும் எடை வேறு.

இனி, நீங்கள் ஏன் வெறுங்கையோடு திரும்பினீர்கள் என்பதைச் சொல்கிறேன். உங்கள் கேள்வியிலேயே அதற்கான விடை இருக்கிறது. மேகமில்லாத நீல வானம், வடக்குக் காற்று, விறைத்த விரல்கள்: இவை மூன்றும் சேர்ந்தால் குளிரலை ஒன்று முந்தின நாள்தான் கடந்திருக்கிறது என்று பொருள். குளிரலை வருவதற்கு முந்தைய நாளில் தெற்கிலிருந்து காற்று வீசும், மேகம் கூடும், காற்றழுத்தம் இறங்கும். அன்று பாஸ் வெறி பிடித்ததுபோல் தின்னும். அலை கடந்த மறுநாளே அழுத்தம் ஏறி, ஆழமில்லாத தண்ணீர் ஒரே இரவில் சில டிகிரி குளிர்ந்துவிடும். எங்கள் மீன்கள் வெதுவெதுப்பான தண்ணீரில் பிறந்து வளர்ந்த ஃப்ளோரிடா இனத்தவை. வடக்கத்திப் பாஸ் பொறுத்துக்கொள்ளும் குளிரை இவை பொறுப்பதில்லை. வேலம்பாசி மூட்டத்துக்கு அடியில் போய் மூக்கை மண்ணை நோக்கி வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் நிற்கும். நீங்கள் எடுத்த மூன்று நாளும் சரியாக அந்த மூன்று நாளாகவே அமைந்துவிட்டன. பத்துப் பவுண்டு மீன் பிடித்தவர் அநேகமாக வாரத்தின் முதற்பகுதியில் போயிருப்பார்.

வேலம்பாசி என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. நம் ஏரிகளில் கிடக்கும் அதே வேலம்பாசிதான் 1950களில் மீன்தொட்டி வணிகத்தின் வழியாக ஆசியாவிலிருந்து ஃப்ளோரிடாவுக்கு வந்து சேர்ந்து, இன்று இங்குள்ள அரசு ஆண்டுதோறும் பெரும் பணம் செலவழித்துக் கட்டுப்படுத்தும் களையாக இருக்கிறது. ஆனால் பாஸுக்கு அதைவிடச் சுகமான கூரை வேறில்லை. காவேரிப்பாக்கத்தில் பாசியைப் படித்துப் பழகிய கண் உங்களிடம் இருப்பதால், எந்த ஓட்டையில் தூண்டில் இறங்கும் என்பதை உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இடத்தைப் பொறுத்தவரை, கிஸ்ஸிம்மி நகரமே ஏரியின் வடகரையில்தான் அமைந்திருக்கிறது என்பதை வாய்ப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் வடகரைக்கும் வடமேற்கு மூலைக்கும் இரண்டு வசதிகள் உண்டு. வாடைக்காற்று கரை மேட்டில் தடுக்கப்படுவதால் தண்ணீர் கலங்குவதில்லை. தெற்கில் தாழ்ந்து நிற்கும் சூரியனின் வெயில் நாள் முழுவதும் அங்கே விழுகிறது. ஐந்து டாலருக்கோ பத்து டாலருக்கோ கிடைக்கும் மிதவை வெப்பமானி ஒன்றை வாங்கி, ஒவ்வொரு மூலையிலும் தண்ணீரில் இறக்கிப் பாருங்கள். ஓரிடத்தில் 14 டிகிரியும் இருநூறு அடி தள்ளி 16 டிகிரியும் காட்டினால், மறுபேச்சில்லாமல் 16 டிகிரி இருக்கும் இடத்தில் நங்கூரம் போடுங்கள்.

இருட்டோடு கிளம்பும் பழக்கத்தை இந்த மூன்று வாரத்துக்கு மறந்துவிடுங்கள். விடியற்காலையில்தான் தண்ணீர் மிகவும் குளிர்ந்திருக்கும். காலையில் பொறுமையாகச் சிற்றுண்டி முடித்து, பத்து மணிக்கு மேல் போய், பிற்பகல் இரண்டு முதல் நான்கு மணி வரையிலான நேரத்தைத் தவறவிடாமல் இருந்தால் போதும். உங்கள் மருமகளுக்கும் அது வசதியாக இருக்கும்.

இரைக்கு வருவோம். குளிர்ந்த தண்ணீரில் பாஸ் துரத்தித் தின்பதில்லை. வாய்க்கு அருகில் வந்து நிற்பதைத்தான் கவ்வும். ஆகவே உங்கள் ரப்பர் தவளை தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டும்வரை பெட்டியில் இருக்கட்டும். பெரிய மீன் ஒன்றுதான் குறி என்றால், இங்கே பல தலைமுறைகளாக நம்பும் இரை ஷைனர் என்னும் பொன்னிறச் சிறுமீன், உயிரோடு. பண்ணையில் வளர்த்ததை வாங்காமல், ஏரியிலிருந்தே பிடித்து விற்பதாக, ஏழெட்டு அங்குல நீளத்தில் வாங்குங்கள். பண்ணையில் வளர்ந்த ஷைனருக்குப் பாஸைக் கண்டால் பயமே தெரியாது. ஏரியில் பிறந்தது பயந்து துடிக்கும், அந்தத் துடிப்புத்தான் கிழட்டுப் பெண் மீனையும் எழுப்பும். கீழுதடும் மேலுதடும் சேரும்படி முள்ளை ஏற்றி, தக்கைக்கு இரண்டு மூன்று அடி கீழே விட்டு, பாசி மூட்டத்தின் ஓரத்தில் நிறுத்துங்கள். பாசிக்கு அடியில் போக வேண்டுமென்றால் வாலுக்கு அருகில், கீழ்த்துடுப்பை ஒட்டி முள்ளை ஏற்றினால் அது முன்னோக்கி நீந்திக் கூரைக்குள் நுழைந்துவிடும்.

அதன் பிறகு தக்கையை மட்டும் பாருங்கள். சும்மா நகர்ந்துகொண்டிருந்த தக்கை திடீரென்று நடுங்கும், வட்டமிடும், ஷைனர் மேலே வந்து தண்ணீர்ப் பரப்பில் படபடக்கும். கீழே பெரியவள் வந்துவிட்டாள் என்பதற்கு அதுதான் அடையாளம். சில வேளைகளில் இந்த நடுக்கம் இரண்டு நிமிடம் நீளும். அந்த இரண்டு நிமிடமும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் இந்தத் தொழிலில் மிகக் கடினமான பகுதி.

காவேரிப்பாக்கத்தான்

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நான் ஃப்ளோரிடாவைப் பார்த்ததில்லை. ஆனால் வாலாஜா அண்ணன் எழுதியதை விராலோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது தோன்றிய சிலவற்றை எழுதுகிறேன்.

நாம் விராலைக் கண்டுபிடிப்பது அது மூச்சு வாங்க மேலே வருவதால். செவுளால் மட்டும் அதற்குப் போதாது. அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுப் போக வேண்டும். மார்கழிப் பனி மூடியிருக்கும்போதுகூட, அல்லி இலைகளுக்கு நடுவே ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டால், குமிழி போகும் திசைக்கு நான்கடி முன்னால் தவளையை இறக்கிவிடுகிறோம். பாஸுக்கு அந்தத் தேவை இல்லை என்பதால் அது தன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்காது. ஐயா சென்ற ஆண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார், ஒன்றும் மேலே வந்திருக்காது. இம்முறை கண்ணுக்குப் பதிலாக அந்த வெப்பமானியை நம்ப வேண்டும் என்பதுதான் எனக்குப் பட்டது.

அண்ணனிடம் இரண்டு கேள்விகள். பௌர்ணமியை ஒட்டித்தான் பாஸ் முட்டையிட வரும் என்று அமெரிக்கக் காணொளிகளில் சொல்கிறார்களே, அது உண்மையா? இன்னொன்று, பாஸும் விராலைப் போலக் குஞ்சுகளைக் காக்கும் மீன் என்று படித்தேன். நம் ஏரியில் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மிதப்பதைப் பார்த்துவிட்டு அதன்மேல் தவளையை வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். காவலுக்கு நிற்கும் தாயோ தகப்பனோ பசியில்லாமலேயே, கோபத்தில் பாய்ந்து மாட்டிக்கொள்ளும். மறுநாள் போய்ப் பார்த்தால் அந்த ஆயிரம் குஞ்சுகளில் பத்துகூட மிச்சமிருக்காது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதை மீன்பிடிப்பாகவே கணக்கில் வைப்பதில்லை. பாஸ் முட்டையிடும் காலத்தில்தான் பிடிக்க வேண்டுமென்றால், இதுவும் அதுவும் ஒன்றாகிவிடாதா?

வாலாஜாக்காரன், கிஸ்ஸிம்மி

தம்பி, முதற்கேள்விக்கு: பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிப் பெண் மீன்கள் அலையலையாகக் கரைக்கு வருகின்றன என்பது இங்குள்ள பெரும்பாலான தூண்டில்காரர்களின் நம்பிக்கை, நானும் நாட்காட்டியைப் பார்க்கிறவன்தான். ஆனால் தண்ணீர் 13 டிகிரியில் கிடக்கும்போது எந்த நிலவும் அவற்றை வரவழைத்து நான் பார்த்ததில்லை. வெப்பம் முதலில்; நிலவு அதற்குப் பிறகு.

இரண்டாவது கேள்வி நியாயமானது. பாஸில் கூடு கட்டுவது ஆண். மணலும் கெட்டியான தரையும் உள்ள இடத்தில், முழங்கால் முதல் இடுப்பளவுத் தண்ணீரில், வாலால் விசிறி வட்டமான பள்ளம் ஒன்றைத் துப்புரவு செய்யும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். சில நாட்களில் முட்டை பொரிந்து குஞ்சுகள் ஓரளவு தேறும்வரை காவல் ஆணுடையது. அந்த ஆணைப் பிடித்துப் படகில் வைத்துப் படமெடுக்கும் சில நிமிடங்களுக்குள் புளூகில் கூட்டம் வந்து முட்டையைத் தின்றுவிடும். ஆகவே தெளிந்த தண்ணீரில் கூட்டைக் கண்ணால் பார்த்து, அதன்மேல் இரையை இறக்குவதை நான் செய்வதில்லை. நான் சொல்லும் மீன்பிடிப்பு அதற்கு முந்தைய வாரங்களைப் பற்றியது. பெண் மீன்கள் முட்டையிடுவதற்கு முன்பு, கூட்டுத் திடலுக்கு வெளியே ஐந்தாறு அடி ஆழத்தில், பாசி ஓரங்களிலும் கால்வாய் வாய்களிலும் தின்றுகொண்டு காத்திருக்கும். டிசம்பர், ஜனவரி மாதங்களின் சிறப்பே அதுதான்.

காட்பாடிப் பெண், டாலஸ்

அனைவருக்கும் வணக்கம். நான் காட்பாடியில் வளர்ந்தவள். டெக்சாஸில் என் கணவரோடு ஃபோர்க் ஏரிக்குப் பத்தாண்டுகளாகப் போய்வருகிறேன். வாலாஜா அண்ணனோடு ஒரு செய்தியில் மட்டும் மாறுபடுகிறேன், இன்னொரு செய்தியைச் சேர்க்கிறேன்.

மாறுபடுவது கூட்டில் காவல் நிற்கும் மீன் பற்றி. உடனே தண்ணீரில் விட்டுவிடுகிற பழக்கம் உள்ளவர் ஒரு மீனைக் கூட்டிலிருந்து எடுப்பதால் ஏரியே கெட்டுவிடும் என்று நான் நினைக்கவில்லை. டெக்சாஸ் அரசே ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை 13 பவுண்டுக்கு மேற்பட்ட மீனைப் பிடிப்பவர்களிடமிருந்து அதைக் கடனாக வாங்கி, ஏதன்ஸ் நகரிலுள்ள நிலையத்தில் முட்டையிடச் செய்து, அந்தக் குஞ்சுகளை ஏரிகளுக்கு அனுப்புகிறது. ஷேர்லங்கர் என்னும் அந்தத் திட்டம் 1986இல் தொடங்கியது. அதன் முதல் மீன் ஃபோர்க் ஏரியில் கிடைத்த 17.67 பவுண்டு மீன், ஏறத்தாழ எட்டு கிலோ. பெரிய பெண்ணைப் பிடிப்பதாலேயே இனம் பெருகுகிற ஏற்பாடும் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன். என்றாலும், அண்ணனின் ஏரியில் அப்படிப்பட்ட ஏற்பாடு இல்லாதபோது அவர் தவிர்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன்.

சேர்க்க விரும்புவது ஆழம் பற்றி. அண்ணன் சொல்லும் மூன்றடி, நான்கடிக் கணக்கு ஃப்ளோரிடாவின் தட்டு ஏரிகளுக்கு மட்டுமே பொருந்தும். 1,890 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் ஓக்கிச்சோபி ஏரியே சராசரியாக மூன்று மீட்டர் ஆழத்தைத் தொடுவதில்லை. அங்கே மீன் குளிருக்குப் பயந்து ஓட ஆழமே கிடையாது, பாசிக்குள் நுழைவது ஒன்றுதான் வழி. எங்கள் ஃபோர்க் ஏரி அணை கட்டித் தேக்கியது. மூழ்கிப்போன மரங்களும் பழைய ஓடைப் பள்ளங்களும் அடியில் இருக்கின்றன. நம் ஊரில் காவேரிப்பாக்கம் ஏரிக்கும் மோர்தானா அணைக்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸின் மாநிலச் சாதனையான 18.18 பவுண்டு பாஸ் 1992 ஜனவரியில் ஃபோர்க்கில்தான் கிடைத்தது. அதைப் பிடித்தவர் பாஸுக்காக வந்தவரே இல்லை. ஆழத்தில் க்ராப்பி என்னும் சிறுமீனுக்கு மெல்லிய தூண்டில் நரம்பில் குட்டி மீனை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தவர். ஆகவே ஐயா, மகனோடு டெக்சாஸ் பக்கம் வந்தால் வடகரை வெயிலைத் தேடாதீர்கள், ஆழத்தைத் தேடுங்கள்.

குடியாத்தம் வாத்தியார்

மூவரும் எழுதியதை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். வகுப்பில் நான் எழுதிப் போட்டதை யாரும் இப்படிப் பாதுகாத்திருக்க மாட்டார்கள். இன்னும் சில ஐயங்கள். என் ஏழடி ராடும் நாற்பது பவுண்டு தாங்கும் ப்ரெய்டு என்னும் பின்னல் நரம்பும் போதுமா? குளிரலை நடுவில் வந்துவிட்டால் வீட்டில் படுத்துவிடுவதா? உரிமம் எப்படி எடுப்பது? மீன் கிடைத்தால் அதை எப்படிக் கையாள்வது? விராலைப் பிடித்தால் கோணியில் போட்டு ஈரத்தில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவதைத் தவிர வேறு முறை எனக்குத் தெரியாது.

வாலாஜாக்காரன், கிஸ்ஸிம்மி

ராடு போதும், ஐயா. நரம்பை மட்டும் 50 அல்லது 65 பவுண்டாக மாற்றிக்கொள்ளுங்கள். மீனின் பலத்துக்காக இதைச் சொல்லவில்லை. அது பாசிக்குள் தலையை நுழைத்துவிட்டால் மீனோடு ஐந்து கிலோ வேலம்பாசியையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கும். முள் 5/0 அளவில், நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளாக இருக்கட்டும். அது வாயோரத்தில் மாட்டுமே தவிரத் தொண்டைக்குள் இறங்காது. வட்ட முள்ளுக்கு வெட்டி இழுக்கக்கூடாது. விராலுக்கு நாம் சுண்டி இழுக்கும் அந்த இழுப்பு இங்கே மீனை இழக்கச் செய்யும். நரம்பு விறைக்கும்வரை ரீலைச் சுற்றிக்கொண்டே போனால் தானாக ஏறும்.

குளிரலை வந்தால் முதல் நாள் வீட்டில் இருங்கள். இரண்டாம் நாள் பிற்பகலில் போகலாம். அன்று ஒரு அவுன்ஸுக்கு மேற்பட்ட கனமான ஈயத்தோடு கருநீல ரப்பர் புழுவைக் கட்டி, பாசிக் கூரையைத் துளைத்து நேராக இறக்கி, தரையில் தட்டியதும் இரண்டு முறை மெதுவாக அசைத்து, எடுத்து, அடுத்த ஓட்டைக்குப் போக வேண்டும். நூறு ஓட்டைக்கு ஒரு கடி விழும். இது பொறுமையைச் சோதிக்கும் வேலை, எனக்கே பிடிக்காது.

உரிமத்தை ஃப்ளோரிடா மீன் மற்றும் காட்டுயிர்ப் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் எடுக்கலாம். வெளியூர்க்காரருக்கு நன்னீர் உரிமம் 7 நாளுக்கு 30 டாலர், ஆண்டுக்கு 47 டாலர். மூன்று வாரம் இருப்பதால் ஆண்டு உரிமமே லாபம். ஒருவர் ஒரு நாளில் ஐந்து பாஸ் வரை வைத்துக்கொள்ளலாம் என்றாலும், அவற்றில் 16 அங்குலமோ அதற்கு மேலோ உள்ளது ஒன்றுதான் இருக்கலாம் என்பது மாநிலம் முழுவதற்குமான விதி.

கோணியை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அதே ஆணையம் 2012 முதல் ட்ரோஃபி கேட்ச் என்ற திட்டத்தை நடத்துகிறது. எட்டுப் பவுண்டோ அதற்கு மேலோ உள்ள பாஸைப் பிடித்து, தராசில் தொங்கும்போது மீன் முழுவதும் எடையும் தெரியும்படி படமெடுத்து, உயிரோடு விட்டுவிட்டால் பதிவு செய்து பரிசு தருவார்கள். 10 பவுண்டுக்கு ஒரு படி, 13 பவுண்டுக்கு அதற்கும் மேல் ஒரு படி. அரசு இப்படிக் கேட்டுக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது: பத்துப் பவுண்டு வளர ஒரு பெண் மீனுக்குப் பல ஆண்டுகள் வேண்டும், வாணலிக்கு அது ருசியும் இல்லை. தாடையை மட்டும் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் அந்தக் கனத்துக்குத் தாடை முறிந்துபோகும். ஒரு கை தாடையிலும், நனைத்த மறு கை வயிற்றுக்கு அடியிலுமாக ஏந்துங்கள். நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்கு முட்டும்போது மீனைத் தண்ணீருக்குள் இறக்கிவிடுங்கள். நான் பயன்படுத்தும் அளவுகோல் அது.

இன்னொன்று, காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு உட்காரும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் மறந்துவிடுங்கள். இது முதலை வாழும் ஏரி.

ஆம்பூர் வாசகன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு வெயில் பொறுக்கும் மீன் என்றால், இதன் குஞ்சுகளைக் கொண்டுவந்து மோர்தானாவில் விட்டால் நமக்கும் ஆகாதா?

காவேரிப்பாக்கத்தான்

வேண்டவே வேண்டாம், அண்ணா. உலகின் மிக மோசமான நூறு அயல் உயிரினங்கள் என்று இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பு வெளியிட்ட பட்டியலில் இந்தப் பாஸும் இருக்கிறது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த திலாப்பியாதான் இன்று ஒவ்வொரு குட்டையிலும் நாம் எடுத்து எறிய முடியாமல் தவிக்கும் ஜிலேபி. தடை செய்யப்பட்ட பிறகும் ஆப்பிரிக்கக் கெளுத்தி நம் ஏரிகளில் விராலின் இடத்தைத் தின்றுகொண்டிருப்பதை வலை போடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பாஸ் அதன் ஊரில் இருக்கட்டும். வாத்தியார் ஐயா போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

குடியாத்தம் வாத்தியார் (தை மாதம், கிஸ்ஸிம்மியிலிருந்து)

வாக்களித்தபடி நடந்ததை எழுதுகிறேன். முதல் வாரம் முழுவதும் தெளிந்த வானமும் வடக்குக் காற்றும்தான். வெப்பமானி காலையில் 12 டிகிரியைக் காட்டியது. நான் படகேறவில்லை. என் மகனுக்கு நம்ப முடியவில்லை. ‘அப்பா வீட்டில் உட்கார்ந்து வானிலை பார்க்கிறார்’ என்று ஊருக்குத் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தான்.

இரண்டாம் வாரத்தில் காற்று தெற்குக்குத் திரும்பியது. நான்காம் நாள் பிற்பகலில், வடமேற்கு மூலையில் சம்புப் புல்லுக்கு அப்பால் இருந்த வேலம்பாசித் திட்டு ஒன்றின் ஓரத்தில் தண்ணீர் 17 டிகிரி. கரையில் நின்ற நாரைகூட அந்த ஓரத்தில்தான் நின்றது. பத்து ஷைனர்களில் ஆறு புளூகில்களுக்கும் பாசிக்கும் போயின. ஏழாவதை விட்டுக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். தக்கை நடுங்கத் தொடங்கியது. வாலாஜா தம்பி எழுதிய இரண்டு நிமிடம் எனக்கு ஒரு முழுப் பாடவேளை போல இருந்தது. ஷைனர் தண்ணீருக்கு மேலே இரண்டு முறை துள்ளியது. பிறகு தக்கைக்கு அடியில் தண்ணீர் ஒரு தட்டு அளவுக்கு உள்வாங்கி, தக்கை காணாமல் போயிற்று. பழக்கதோஷத்தில் வெட்டி இழுக்கப் போன என் கையை மகன் பிடித்துக்கொண்டான். ரீலை மட்டும் சுற்றினேன்.

விரால் இழுப்பு வேறு, இது வேறு. விரால் சேற்றுக்குள் போகப் பார்க்கும். இது மேலே வந்து வாயைத் திறந்து தலையை உதறியது, கைப்பையைத் திறந்து காட்டியது போல அவ்வளவு பெரிய வாய். பாசியும் மீனுமாகப் படகுக்கு வந்தபோது மகனின் கை நடுங்கிற்று, என் கை நடுங்கவில்லை என்று சொல்ல விரும்புகிறேன். ஆனால் அவன் எடுத்த காணொளி வேறு விதமாகக் காட்டுகிறது. வயிறு உப்பிய பெண் மீன். தராசு 7 பவுண்டு 10 அவுன்ஸ். ஆணையத்தின் பரிசுக்கு 6 அவுன்ஸ் குறைவு. என் மகன் தராசை மூன்று முறை தட்டிப் பார்த்தான், அது மாறவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு படமெடுத்து, மூச்சு முட்டியதும் விட்டுவிட்டோம். கை நழுவிப் போகும்போது வாலால் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டுப் போனது.

இன்னும் ஆறு நாள் இருக்கிறது. நாளை மறுநாள் குளிரலை வருகிறது என்கிறார்கள், ஆகவே நாளைக்கு எப்படியும் போகிறோம். காவேரிப்பாக்கத் தம்பி, மாசி முதல் வாரத்தில் ஊருக்கு வந்துவிடுவேன். ஏரியில் இப்போது தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, அல்லிப் பக்கம் இறங்க வழி இருக்கிறதா என்று எழுதுங்கள்.